செயற்கூறு இல்லை என்று தரவுத்தளம் சொல்லும்போது

ஒரு சிறிய சேமிப்புச் சங்கத்தின் ரசீது அறிக்கைகளை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலிருந்து மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை அண்மையில் எனக்கு வந்தது. அட்டவணைகள் நான்கு, வினவல்கள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) முப்பதுக்குள். ஒரு நாளில் முடிந்துவிடும் என்று எண்ணி உட்கார்ந்தேன். முதல் வினவலே நின்றுவிட்டது. அந்த வினவல் இதுதான்:

செலக்ட் மேக்ஸ் (தொகை) ஃப்ரம் ரசீது;

(படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று வினவல்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை வழக்கமான எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.)

ரசீதுகளில் மிகப் பெரிய தொகை எது என்று கேட்பதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. மைஎஸ்க்யூஎல் தந்த பதில் 1630 என்ற எண்ணுள்ள பிழைச் செய்தி. 'சங்கம்.மேக்ஸ் என்ற செயற்கூறு இல்லை, கையேட்டில் செயற்கூறுப் பெயர்களைப் பகுத்தறிவது பற்றிய பகுதியைப் பார்க்கவும்' என்பது அதன் பொருள். செயற்கூறு என்பது, அடைப்புக்குறிக்குள் உள்ளீட்டைத் தந்தால் விடையைத் தரும் மேக்ஸ் போன்ற ஒன்று. வினவல்களை எழுதும் மொழி எஸ்க்யூஎல், மேக்ஸ் இல்லாத எஸ்க்யூஎல் தரவுத்தளம் ஒன்று உலகில் இருக்க முடியாது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட முதல் எஸ்க்யூஎல் தரநிலையிலேயே இடம்பெற்ற ஐந்து செயற்கூறுகளில் அதுவும் ஒன்று. மற்றவை கவுன்ட், சம், ஆவரேஜ், மின். அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்து இல்லை என்று சொல்லும்போது, பயனர் உரிமையில் சிக்கலோ, நிறுவலில் கோளாறோ என்றுதான் மனம் முதலில் ஓடும். நானும் ஒரு மணி நேரம் அந்தத் திசையில்தான் தேடினேன்.

காரணம் ஓர் இடைவெளி. மேக்ஸ் என்ற பெயருக்கும் திறக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே நான் விட்டிருந்த ஒரே ஓர் இடைவெளி. போஸ்ட்கிரெஸில் அது பொருட்படுத்தப்படுவதே இல்லை. ஆகவே கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று பல ஆண்டுகளாக அப்படியே எழுதி வந்திருக்கிறேன். மைஎஸ்க்யூஎல் தன் இயல்பான அமைப்பில், உள்ளிணைந்த (தரவுத்தளத்தோடு சேர்ந்தே வரும்) செயற்கூறுகளில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு, பெயரை ஒட்டியே அடைப்புக்குறி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கவுன்ட், சம், மேக்ஸ், மின், சப்ஸ்ட்ரிங், டிரிம், காஸ்ட், எக்ஸ்ட்ராக்ட், நவ், டேட்_ஆட், குரூப்_கான்கேட் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. ரவுண்ட் அதில் இல்லை. அதனால் 'ரவுண்ட் (தொகை, 2)' என்று இடைவெளி விட்டு எழுதினாலும் வேலை நடக்கும். ஒரே வினவலில் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாதபோது ஏற்படும் குழப்பம் இதனால்தான் இன்னும் கூடுகிறது.

இந்த விதி ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அதன் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. வினவலைப் படிக்கும் பார்சர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இது கட்டளைச் சொல்லா, அட்டவணைப் பெயரா, புலத்தின் (அட்டவணையிலுள்ள நெடுவரிசையின்) பெயரா, செயற்கூறா என்று தீர்மானித்தாக வேண்டும். கவுன்ட் என்று ஒரு புலத்துக்கோ அட்டவணைக்கோ பெயர் வைக்க யாருக்கும் தோன்றலாம். அதற்கு இடம் கொடுக்க வேண்டுமானால் கவுன்ட் என்பதை முற்றிலும் ஒதுக்கப்பட்ட சொல்லாக ஆக்கிவிட முடியாது. எனவே மைஎஸ்க்யூஎல் ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டது: பெயரை ஒட்டி உடனே அடைப்புக்குறி வந்தால் அது உள்ளிணைந்த செயற்கூறு, ஒட்டி வராவிட்டால் அது வெறும் பெயர். 'கிரியேட் டேபிள் கவுன்ட் (எண் இன்ட்)' என்று எழுதினால் கவுன்ட் என்ற அட்டவணை உருவாகிறது. அதே வரியில் இடைவெளியை நீக்கிவிட்டால் தொடரியல் பிழை வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் இந்த விதி எனக்கு முழுதாக விளங்கியது.

இப்போது அந்தப் பிழைச் செய்தியைத் திரும்பப் படித்தால், அதற்குள்ளேயே விடை இருந்திருக்கிறது. 'மேக்ஸ் இல்லை' என்று அது சொல்லவில்லை, 'சங்கம்.மேக்ஸ் இல்லை' என்றது. இடைவெளி விட்டதால் மேக்ஸ் என்பது உள்ளிணைந்த செயற்கூறு என்ற தகுதியை இழந்து, யாரோ ஒரு பயனர் எழுதிச் சேமித்து வைத்த செயற்கூறாகக் கொள்ளப்பட்டது. அப்படி ஒன்றைத் தேட வேண்டிய இடம் நடப்பிலுள்ள தரவுத்தளம், அதாவது சங்கம். அங்கே தேடிக் காணாமல்தான் இல்லை என்றது. 'கவுன்ட் (*)' என்று இடைவெளியோடு எழுதினால் இந்தச் செய்தி வருவதில்லை, 1064 என்ற பொதுவான தொடரியல் பிழை வருகிறது. பயனர் எழுதிய செயற்கூறுக்கு உள்ளீடாக ஒரு மதிப்போ கணக்கீடோ வரலாம், உடுக்குறி (*) தனியாக வர முடியாது. ஆகவே தேடும் கட்டத்துக்கே போகாமல் பார்சர் அந்த உடுக்குறியிலேயே நின்றுவிடுகிறது. ஒரே தவறுக்கு இரு வேறு செய்திகள் வருவதன் காரணம் இவ்வளவுதான்.

இடைவெளியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்ல இக்னோர்_ஸ்பேஸ் என்ற அமைப்பு இருக்கிறது. ஆன்சி என்ற கூட்டு அமைப்பைத் தேர்ந்தாலும் அது உடன் வந்துவிடும். நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதை இயக்கியதும் அந்தப் பட்டியலிலுள்ள பெயர்கள் எல்லாம் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிடும், அந்தப் பெயர்களில் ஏற்கெனவே உள்ள புலங்களை எல்லா வினவல்களிலும் மேற்கோளுக்குள் வைத்து எழுத வேண்டிவரும். சங்கத்தின் பழைய அட்டவணை ஒன்றில் கவுன்ட் என்றே ஒரு புலம் இருந்தது. என்னுடைய எழுத்துப் பழக்கத்துக்காக அதைத் தொட எனக்கு விருப்பமில்லை. முப்பது வினவல்களிலும் இடைவெளியை நீக்குவதே முறை.

'செயற்கூறு இல்லை' என்ற செய்தியை போஸ்ட்கிரெஸிலும் பல முறை பார்த்திருக்கிறேன். அங்கே அதற்குக் காரணம் வேறு. வட்டி என்ற புலம் டபுள் ப்ரிசிஷன் என்ற மிதவைப் புள்ளி (தசமங்களைத் தோராயமாக வைக்கும்) வகையில் இருக்கும்போது 'ரவுண்ட்(வட்டி, 2)' என்று எழுதினால், ரவுண்ட்(டபுள் ப்ரிசிஷன், இன்டிஜர்) என்ற செயற்கூறு இல்லை என்று அது மறுக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு செயற்கூறை அடையாளம் காட்டுவது பெயரும் அதன் உள்ளீடுகளின் வகைகளும் சேர்ந்த தொகுப்பு. தசம இடங்களைக் குறிப்பிடும் இரு உள்ளீட்டு ரவுண்ட், நியூமரிக் வகைக்கு மட்டுமே இருக்கிறது. 'ரவுண்ட்(காஸ்ட்(வட்டி ஆஸ் நியூமரிக்), 2)' என்று வகையை மாற்றித் தந்தால் உடனே நடக்கும். மனிதர்களை முன்னெழுத்தோடு சேர்த்து அடையாளம் காண்பது போன்றது இது. ஊரில் முருகன்கள் பலர் இருக்கலாம், சு. முருகன் என்றால்தான் தபால்காரர் சரியான வீட்டுக்குப் போவார். பணக் கணக்குக்கு மிதவைப் புள்ளி வகையைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், இந்த மறுப்பு ஒரு நல்ல எச்சரிக்கை என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, அழைக்கும் முறையே பெயரின் ஒரு பகுதி. உள்ளிணைந்த செயற்கூறுகளின் தொடரியலில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்த ஒன்றுதான். ஒட்டி வரும் அடைப்புக்குறி, உள்ளீட்டின் வகை, உள்ளே வரும் இணைப்புச் சொல், எண்ணைச் சுற்றி மேற்கோள் உண்டா இல்லையா என்பது வரை எல்லாம் சேர்ந்துதான் எந்தச் செயற்கூறை நாம் அழைக்கிறோம் என்பதை முடிவு செய்கின்றன.

அடைப்புக்குறியே வேண்டாத செயற்கூறுகளும் உண்டு. இன்றைய நாளைத் தரும் கரன்ட்_டேட் என்பதைத் தரநிலை அடைப்புக்குறி இல்லாமல்தான் வரையறுக்கிறது. போஸ்ட்கிரெஸில் அதற்குப் பின் வெறும் அடைப்புக்குறிகளைப் போட்டால் தொடரியல் பிழை. மைஎஸ்க்யூஎல் இரு வடிவங்களையும் ஏற்கும். ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் சிஸ்டேட் என்று தனியாக எழுத வேண்டும், மைஎஸ்க்யூஎல்லிலோ அதே பெயருக்கு அடைப்புக்குறி கட்டாயம். அதை விட்டுவிட்டால், சிஸ்டேட் என்ற புலம் எங்கே என்று அது தேடத் தொடங்கிவிடும். போஸ்ட்கிரெஸில் நவ் என்பதை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினாலும் நவ் என்ற புலம் இல்லை என்றே பதில் வரும். ஒதுக்கப்பட்ட சொல்லாக இல்லாத எந்தப் பெயரும் தனித்து நின்றால் புலமாகவே கொள்ளப்படும் என்பது இரண்டுக்கும் பொது.

இதைவிட எனக்கு ஆர்வமூட்டுவது, காற்புள்ளிக்குப் பதிலாகச் சொற்களால் உள்ளீடுகளைப் பிரிக்கும் செயற்கூறுகள். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் சீக்வல் என்ற பெயரில் இம்மொழியை முன்வைத்தபோது, கணிதக் குறியீடு அறியாதவரும் படிக்கும்படி ஆங்கில வாக்கியத்தை ஒட்டியே அதை அமைத்தார்கள். எழுத்துச் சரங்களையும் நாள்களையும் கையாளும் செயற்கூறுகள் 1992-ஆம் ஆண்டுத் தரநிலையில் சேர்ந்தபோதும் அந்தச் சாயல் விடவில்லை. 'எக்ஸ்ட்ராக்ட்(இயர் ஃப்ரம் தேதி)', 'பொசிஷன்('@' இன் மின்னஞ்சல்)', 'டிரிம்(போத் '0' ஃப்ரம் எண்)', 'சப்ஸ்ட்ரிங்(பெயர் ஃப்ரம் 2 ஃபார் 3)' ஆகியவை அவ்வாறு வந்தவை.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதாக இராது. 'பூனை எலியைப் பிடித்தது' என்றாலும் 'எலியைப் பூனை பிடித்தது' என்றாலும் பிடிபட்டது எலிதான், ஐ உருபு அதைச் சொல்லிவிடுகிறது. பொசிஷன் செயற்கூறில் வரும் 'இன்' அப்படிப்பட்ட ஓர் உருபு. எதில் தேடுகிறோம் என்பதை அது ஐயமின்றிக் காட்டுகிறது. காற்புள்ளியால் பிரிக்கும் செயற்கூறுகளில் உருபு இல்லை, இடம் ஒன்றுதான் பொருளைச் சொல்கிறது. அந்த இடத்தை எல்லாச் செயற்கூறுகளும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளவில்லை. மைஎஸ்க்யூஎல்லில் லொகேட் என்பதற்குத் தேடப்படுவது முதலில் வர வேண்டும், இன்ஸ்டர் என்பதற்குத் தேடும் இடம் முதலில் வர வேண்டும். 'லொகேட்('@', மின்னஞ்சல்)' என்பதும் 'இன்ஸ்டர்(மின்னஞ்சல், '@')' என்பதும் ஒன்று. வரிசையை மாற்றி எழுதிவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒற்றை எழுத்துக்குள் முழு முகவரியைத் தேடிவிட்டு, காணவில்லை என்பதற்குரிய 0 வரும். அந்தச் சுழியத்தை நம்பி, முகவரிகள் எல்லாம் தவறானவை என்று முடிவு கட்டிய ஒரு சரிபார்ப்பு வினவலை நான் திருத்தியிருக்கிறேன். வாய்ப்பிருக்கும் இடத்தில் எல்லாம் பொசிஷன் என்பதையே எழுதுவது அதன் பிறகு என் வழக்கமாயிற்று.

போஸ்ட்கிரெஸ் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளீட்டின் பெயரையே எழுத இடம் தருகிறது. கால அளவை உருவாக்கும் மேக்_இன்டர்வல் என்பதற்கு ஆண்டு, மாதம், வாரம், நாள், மணி, நிமிடம், நொடி என்று ஏழு உள்ளீடுகள். பத்து நாள் வேண்டுமானால் இடமுறையில் 'மேக்_இன்டர்வல்(0, 0, 0, 10)' என்று சுழியங்களை எண்ணி வைக்க வேண்டும். பெயர்முறையில் 'மேக்_இன்டர்வல்(டேஸ் => 10)' போதும். தவணை நாள் கணக்கிடும் வினவலை ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய உதவி என்பது பார்த்தவர்க்குத் தெரியும்.

பல வரிகளின் மதிப்புகளைச் சேர்த்து ஒரே விடையாக்கும் திரட்டும் செயற்கூறுகளில் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறிய வினவலே நுழைந்துவிடுகிறது. உறுப்பினர் பெயர்களை அகரவரிசையில் காற்புள்ளியிட்டு ஒரே சரமாகச் சேர்க்க, போஸ்ட்கிரெஸில் 'ஸ்ட்ரிங்_ஆக்(பெயர், ', ' ஆர்டர் பை பெயர்)' என்று எழுத வேண்டும். பிரிகுறி முதலில், வரிசைப்படுத்தல் கடைசியில். இதைத் திருப்பி 'ஸ்ட்ரிங்_ஆக்(பெயர் ஆர்டர் பை பெயர், ', ')' என்று எழுதிவிட்டால், ஆர்டர் பை என்பதற்குப் பின் வரும் எல்லாம் வரிசைப்படுத்தும் அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டு, காற்புள்ளிச் சரமும் அவற்றில் ஒன்றாகிவிடும். செயற்கூறுக்கு மிஞ்சுவது ஒரே உள்ளீடு. ஸ்ட்ரிங்_ஆக்(டெக்ஸ்ட்) என்ற செயற்கூறு இல்லை என்ற அதே பழைய செய்தி மறுபடியும் வரும். மைஎஸ்க்யூஎல்லில் 'குரூப்_கான்கேட்(பெயர் ஆர்டர் பை பெயர் செபரேட்டர் ', ')' என்று பிரிகுறிக்குத் தனி உருபு இருப்பதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் அதன் இயல்பான நீள எல்லை 1024 பைட்டுகள். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள் ஆவதால், முப்பது நாற்பது பெயர்களிலேயே பட்டியல் நின்றுவிடும். ஆரக்கிளின் லிஸ்ட்ஆக் என்பதும், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின் ஸ்ட்ரிங்_ஆக் என்பதும் வரிசைப்படுத்தலை அடைப்புக்குறிக்கு வெளியே, விதின் குரூப் என்ற தனிப் பகுதியில் வைக்கின்றன.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை பிழைச் செய்தியோடு நிற்பவை. என்னைக் கவலைப்பட வைப்பவை, வடிவம் ஒன்றாகவே இருந்து விடை மட்டும் மாறுபவை. 'சப்ஸ்ட்ரிங்('நகரம்', 0, 3)' என்பதை எடுத்துக்கொள்ளலாம். எஸ்க்யூஎல்லில் இடங்கள் 1-இலிருந்து எண்ணப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ் 0 என்பதையும் ஓர் இடமாகக் கணக்கிட்டு, இல்லாத அந்த இடத்துக்கும் ஒன்றைக் கழித்துக்கொண்டு 'நக' என்று தரும். எஸ்க்யூஎல் சர்வரும் அப்படியே. ஆரக்கிளின் சப்ஸ்டர் 0-ஐ 1 என்று கொண்டு 'நகர' என்று தரும். மைஎஸ்க்யூஎல் வெற்றுச் சரத்தைத் தரும். ஒரே வரிக்கு மூன்று விடைகள், ஒன்றுகூடப் பிழை என்று சொல்லாது.

லெங்த் என்பதும் அப்படித்தான். 'லெங்த்('தமிழ்')' என்பதற்கு போஸ்ட்கிரெஸ் 5 என்கிறது, மைஎஸ்க்யூஎல் 15 என்கிறது. யுனிகோடில் அந்தச் சொல் த, ம, இகரத் துணைக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளால் ஆனது. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் லெங்த் பைட்டுகளை எண்ணுகிறது, குறிகளை எண்ண அங்கே கேர்_லெங்த் என்று எழுத வேண்டும். தமிழர் யாரும் அந்தச் சொல்லில் மூன்று எழுத்துகள் என்றுதான் சொல்வார்கள். அந்த மூன்றைத் தரும் செயற்கூறு இரண்டிலும் இல்லை.

சங்கத்தின் அறிக்கையில் இது நேராக வந்து மோதியது. உறுப்பினர் பட்டியலை முதலெழுத்து வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு இட வேண்டும். 'லெஃப்ட்(பெயர், 1)' என்று எழுதினால் கமலா, கீதா, குமார் மூவரும் 'க' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் கீ என்பதில் முதற்குறி க மட்டுமே. பழைய போஸ்ட்கிரெஸ் வினவலில் இதற்காக நான் எழுதியிருந்தது சப்ஸ்ட்ரிங்தான், ஆனால் எண்ணுக்குப் பதிலாக ஒரு வடிவக் கோவையைத் தந்து: முதற்குறியையும் அதை ஒட்டி வரும் துணைக்குறிகளையும் சேர்த்துப் பிடிக்கும் கோவை. போஸ்ட்கிரெஸில் 'சப்ஸ்ட்ரிங்(பெயர் ஃப்ரம் 2)' என்றால் இரண்டாம் இடத்திலிருந்து வெட்டும். ஃப்ரம் என்பதற்குப் பின் எழுத்துச் சரம் வந்தால், அதை வடிவக் கோவையாகக் கொண்டு பொருந்தும் பகுதியைத் தரும். ஒரே பெயர், ஒரே உருபு, உள்ளீட்டின் வகை மட்டும் வேறு. 'சப்ஸ்ட்ரிங்(ரசீது_எண் ஃப்ரம் '2')' என்று அந்த 2-ஐ மேற்கோளுக்குள் வைத்துவிட்டால், ரசீது எண்ணில் எங்காவது 2 இருந்தால் '2' என்றும், இல்லாவிட்டால் நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்றும் விடை வரும். செயலியிலிருந்து வரும் மதிப்பு சரமாக வந்துவிட்டாலும் இதுவே நடக்கும். ரசீது எண்கள் முழுதும் ஏன் வெறுமையாக வருகின்றன என்று என்னிடம் வந்த ஒரு வினவலில் காரணம் இதுவாகத்தான் இருந்தது.

மைஎஸ்க்யூஎல்லில் சப்ஸ்ட்ரிங் வடிவக் கோவையை ஏற்பதில்லை. அதற்கு 8.0 பதிப்பில் வந்த ரெக்எக்ஸ்பி_சப்ஸ்டர் என்ற தனிச் செயற்கூறு இருக்கிறது, அதில் ஃப்ரம் கிடையாது, காற்புள்ளிதான். அந்தக் கோவையை அப்படியே எடுத்து அதற்குள் வைத்தேன், பெயரை ஒட்டி அடைப்புக்குறியைத் திறந்தேன். மாலை ஆறு மணிக்கு அறிக்கையின் முதல் பக்கம் வந்தது. கமலா 'க'விலும், கீதா 'கீ'யிலும், குமார் 'கு'விலும் இருந்தார்கள்.